லேப்டாப் ஆன் ஆகவில்லை, சார்ஜ் ஏறவில்லை, யூஎஸ்பி வேலை செய்யவில்லை: அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிக்கும் வழி

"மதர்போர்டு போயிடுச்சு" என்ற தீர்ப்போடு மேசைக்கு வரும் லேப்டாப்புகள் பலவற்றில் போர்டு நன்றாகவே இருக்கும். சுவர் பிளக்கிலிருந்து வரும் ஒயர் அறுந்திருக்கும், ரேம் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அல்லது போர்டில் தேங்கிய மின்சாரம் வடியாமல் நின்றிருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையில் தொடங்கி, போர்டைக் கடைசியில்தான் சந்தேகப்பட்டிருக்கிறோம். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். மற்றதைப் படிக்க வேண்டியதில்லை.

கையில் இருக்க வேண்டியவை: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், சிறிய பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், நல்ல வெளிச்சமுள்ள டார்ச், ஒயர் உள்ள யூஎஸ்பி மவுஸ் ஒன்று, முடிந்தால் அதே மாடலுக்கான இன்னொரு சார்ஜர். இரண்டு விதிகள் எல்லாத் தலைப்புக்கும் பொது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ரேமையும் சார்ஜரையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும். அடிமூடியைத் திறந்தால் முதலில் சார்ஜரை உருவுங்கள், அடுத்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள், அதற்குப் பிறகுதான் வேறு எதையும் தொட வேண்டும். பேட்டரி இணைந்திருக்கும்போது ஸ்க்ரூ ஒன்று போர்டின் மேல் உருண்டு விழுந்தாலே போதும், இல்லாத பழுது வந்து சேரும்.

## அறிகுறி 1: பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு, ஃபேன், சத்தம் எதுவும் இல்லை

முதலில் சார்ஜர் பெட்டியில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். அதில் விளக்கே இல்லாத மாடல் என்றால் லேப்டாப்பின் சார்ஜிங் விளக்கைப் பாருங்கள். வழி இங்கே மூன்றாகப் பிரிகிறது.

### 1அ. சார்ஜர் விளக்கே எரியவில்லை

அதே பிளக் பாயிண்டில் வேறு ஏதாவது ஒன்றைச் செருகி மின்சாரம் வருகிறதா பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அதை விட்டுவிட்டு நேரே சுவரில் செருகுங்கள். அடுத்து சுவரிலிருந்து சார்ஜர் பெட்டி வரை வரும் ஒயர். பெரும்பாலான சார்ஜர்களில் இது தனியாகக் கழன்று வரும். பெட்டிக்குள் நுழையும் முனை மூன்று இதழ் வடிவில் இருக்கும். இரண்டு பின் சார்ஜர்களில் எட்டு வடிவில் இருக்கும். இந்த முனை தளர்ந்துபோவது அடிக்கடி நடக்கும். கழற்றி அழுத்திச் செருகுங்கள், அதே வடிவ ஒயர் வேறொன்று கிடைத்தால் மாற்றிப் பாருங்கள். அதிலும் விளக்கு வரவில்லையென்றால் சார்ஜர் போய்விட்டது. சார்ஜர் பெட்டியைப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், பிளக்கை உருவிய பிறகும் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

### 1ஆ. சார்ஜர் விளக்கு எரிகிறது, லேப்டாப்பில் செருகியதும் அணைகிறது

இது தெளிவான அறிகுறி. லேப்டாப்புக்குள் எங்கோ ஷார்ட் இருக்கிறது; சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. சுவரிலிருந்து உருவி ஒரு நிமிடம் விட்டால் விளக்கு திரும்ப வரும்.

வேறொரு சார்ஜரை ஒரே ஒரு முறை செருகிப் பாருங்கள். அது அணையவில்லை என்றால் முதல் சார்ஜர் பலவீனமாகியிருக்கிறது. அதுவும் அணைந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை. பேட்டரி இல்லாதபோது விளக்கு நிற்கிறது என்றால் பேட்டரியையோ அதன் சார்ஜிங் சர்க்யூட்டையோ சந்தேகப்படலாம். அப்போதும் அணைந்தால் சார்ஜிங் ஜாக் உள்ளே நசுங்கியிருக்கலாம், அல்லது போர்டில் முதன்மை மின்வழியில் உள்ள ஏதாவது ஒரு கெப்பாசிட்டரோ மாஸ்ஃபெட்டோ (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு பாகம்) ஷார்ட் ஆகியிருக்கலாம். இங்கே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பது அரிசி அளவு பாகத்தில் இருக்கும் பழுதைப் பக்கத்திலிருக்கும் சிப்புக்கும் பரப்பும். இது சிப் லெவல் சர்வீஸ், அதாவது போர்டில் கெட்ட சிறு பாகத்தை மட்டும் மாற்றும் வேலை செய்பவரின் வேலை. போர்டையே மாற்றச் சொல்பவரிடம், "ஷார்ட் எந்த லைனில் இருக்கிறது?" என்று கேளுங்கள், அளந்து பார்த்தவருக்குப் பதில் தெரிந்திருக்கும்.

### 1இ. சார்ஜர் விளக்கு நிலையாக எரிகிறது, லேப்டாப் மட்டும் அசையவில்லை

முதலில் தேங்கிய மின்சாரத்தை வடியுங்கள். சார்ஜரை உருவி, வெளியே கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 முதல் 60 வினாடி வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல்களில் அடிமூடியைத் திறந்து கனெக்டரைக் கழற்றித்தான் இதை முழுதாகச் செய்ய முடியும். சில மாடல்களின் அடியில் ஊசி நுழையும் அளவில் ரீசெட் துளை இருக்கும். அது எந்தத் துளை என்று மாடலின் கையேட்டில் பார்த்துவிட்டுக் குத்துங்கள், மைக்கின் துளையில் ஊசி ஏறினால் மைக் போய்விடும். பவர் சர்க்யூட்டைக் கட்டுப்படுத்தும் சிறிய கண்ட்ரோலர் சிப் ஏதோ ஒரு நிலையில் சிக்கிக்கொள்வதுதான் இந்தக் கோளாறுக்குக் காரணம். மின்சாரம் முழுதாக அற்றுப்போனால் அது புதிதாகத் தொடங்கும். செலவில்லாத இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அடுத்து சார்ஜரை அளவெடுங்கள். உருண்டை முனை சார்ஜர்களில் பெரும்பாலும் உள்பக்கம் பாசிட்டிவ், வெளி உறை நெகட்டிவ். சார்ஜர் லேபிளில் உள்ள வட்டப் படத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். 20 ரேஞ்சில் வைத்தால் 19.99-க்கு மேல் காட்டாது, 20 வோல்ட் சார்ஜரை அளக்கும்போது வெறும் 1 என்று காட்டிக் குழப்பும். லேபிளில் 19.5 வோல்ட் என்றிருந்தால் 19-க்கும் 20-க்கும் இடையே அசையாமல் நிற்க வேண்டும். ஏறி இறங்கினாலோ 17, 18 என்று தங்கினாலோ சார்ஜர் சரியில்லை. ஆனால் அளவு சரியாக இருப்பதாலேயே சார்ஜர் நல்லதென்று ஆகிவிடாது. பழைய சார்ஜர் சும்மா இருக்கும்போது 19.5 காட்டும், லேப்டாப் இழுக்கத் தொடங்கியதும் சரியும். நன்றாக வேலை செய்யும் இன்னொரு சார்ஜரைப் போட்டுப் பார்ப்பதுதான் இறுதிச் சோதனை.

யூஎஸ்பி டைப்-சி சார்ஜரை இப்படி அளக்க முடியாது. எதிர்முனையில் கருவி இருப்பதை உணராத வரை அது மின்சாரமே விடாது. பூஜ்யம் காட்டுகிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போனைச் செருகி சார்ஜ் ஏறுகிறது என்று சொல்வதும் முழுச் சாட்சி அல்ல. போன் 5 அல்லது 9 வோல்ட்டில் திருப்தியடைந்துவிடும், பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு 20 வோல்ட் வேண்டும். டைப்-சி இணைப்பின் நடுவில் செருகும் சின்ன மீட்டர் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

சார்ஜர் நல்லதென்று உறுதியானால் வரிசை இதுதான்: ரேம் (அறிகுறி 2-ல் விவரம்), பயாஸ் பேட்டரி, பவர் பட்டனின் ரிப்பன் கேபிள், சார்ஜிங் ஜாக், கடைசியில் போர்டு. பயாஸ் என்பது லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள். அதன் பேட்டரி 3 வோல்ட் பட்டன் செல், 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். அது செத்தால் வழக்கமாகக் கடிகாரம்தான் பின்னுக்குப் போகும், ஆனால் சில மாடல்கள் ஆன் ஆகவே மறுக்கும்.

## அறிகுறி 2: விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

ஒரு நிமிடம் பொறுத்து கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதா?

### 2அ. கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறது

உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பழுது திரையின் பக்கம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். பலனில்லையா, திரையைச் சாய்வாக வைத்து டார்ச்சை நெருக்கமாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் பின்னொளி போய்விட்டது. பேனலோ, கேபிளோ, போர்டில் பின்னொளிக்கான ஃபியூஸோ காரணம். எதுவும் தெரியவில்லை என்றால் வெளி மானிட்டரை இணையுங்கள். அதில் படம் வந்தால் போர்டு பிழைத்தது.

திரையை மெதுவாகச் சாய்த்து நிமிர்த்தும்போது படம் வந்து வந்து போனால் கீலுக்குள் ஓடும் டிஸ்ப்ளே கேபிள் தேய்ந்திருக்கிறது. கேபிள் சிறு செலவு, பேனல் பெருஞ்செலவு. கேபிளை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

பலரும் யோசிக்காத காரணம் ஒன்று உண்டு. மூடியை மூடினால் தூங்கப்போவதற்காக லேப்டாப்பில் காந்தத்தை உணரும் சென்சார் இருக்கிறது. காந்தம் வைத்த போன் உறை, காந்தப் பூட்டுள்ள கைச்சங்கிலி, அடியில் அடுக்கிவைத்த இன்னொரு லேப்டாப் என்று எது அருகில் இருந்தாலும் மூடி மூடிவிட்டதாக நினைத்துத் திரையை அணைத்துவிடும். மேசையைக் காலி செய்துவிட்டுப் பாருங்கள்.

### 2ஆ. கேப்ஸ் லாக் அசையவில்லை, அல்லது அதுவே விட்டுவிட்டு மின்னுகிறது

தொடக்கச் சோதனையிலேயே நின்றுவிட்டது. மின்னல்களையும் பீப் ஒலிகளையும் எண்ணுங்கள். முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கை தவறாது. எத்தனை நீளம், எத்தனை குட்டை, என்ன நிறம் என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் தனி அர்த்தம் வைத்திருக்கிறது. உங்கள் மாடல் எண்ணுக்கான பட்டியலில்தான் பார்க்க வேண்டும், வேறு மாடலின் பட்டியல் உதவாது.

பெரும்பாலும் காரணம் ரேம்தான். பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு ரேமை வெளியே எடுங்கள். தங்க நிறப் பட்டைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு இல்லாத துணியால் துடைத்து, உலர்ந்ததும் சுமார் 30 டிகிரி சாய்வில் முழுதாகச் செருகி, பிறகு கீழே அமுக்குங்கள். இருபுறக் கொக்கிகளும் 'கிளிக்' என்று பூட்ட வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாறி மாறிப் போட்டுப் பாருங்கள். நான்கு சேர்க்கைகள்தான், பத்து நிமிட வேலை. கெட்டது ரேமா ஸ்லாட்டா என்று இதிலேயே தெரிந்துவிடும்.

புது டிடிஆர்5 ரேம் போட்ட பிறகோ பயாஸ் பேட்டரியைக் கழற்றிய பிறகோ முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ளும் நேரம் அது. பதறி பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ரேம் சரி என்றால் எஸ்எஸ்டி, வைஃபை கார்டு இரண்டையும் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். லோகோ வந்துவிட்டால் கழற்றியதில் ஒன்று குற்றவாளி. ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும் மெல்லிய மாடல்களில் இந்த வழி பாதியிலேயே நின்றுவிடும். அங்கே மேற்கொண்டு சர்வீஸ்தான்.

## அறிகுறி 3: ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைகிறது

எப்போது அணைகிறது என்று இரண்டு நாள் குறித்துவையுங்கள். பதில் பாதி அதிலேயே இருக்கிறது.

பேட்டரியில் மட்டும், 20, 30 சதவீதம் மிச்சமிருக்கும்போதே அணைகிறது. செல்கள் தளர்ந்துவிட்டன, சதவீதம் வெறும் கணக்கு, செல்லால் அந்த மின்சாரத்தைத் தர முடியவில்லை. 100 வரை ஏற்றி, தானாக அணையும் வரை ஓடவிட்டு, இடையில் நிறுத்தாமல் மறுபடி 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகலாம். திரும்பவும் அப்படியே அணைந்தால் பேட்டரியை மாற்றுங்கள்.

சார்ஜரில் இருக்கும்போதும், கனமான வேலையில் மட்டும். முதல் சந்தேகம் சூடு. அடிமூடியைத் திறந்து ஃபேனையும் ஹீட்சிங்க்கின் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) தகடுகளையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் இந்தப் படலம் இடம் மாறுமே தவிர வெளியே வராது. ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றின் வேகத்தில் சுழலவிட்டால் பேரிங் போகும். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் குழாய் முனையில் நிலைமின்சாரம் சேரும். தூசி எடுத்தும் சூடு குறையவில்லை என்றால் தெர்மல் பேஸ்ட்டை (சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை) மாற்ற வேண்டும். பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு சிப்பின் நடுவில் அரிசியளவு போதும். பக்கத்திலிருக்கும் தெர்மல் பேட் கிழிந்தால் அதே கனத்தில்தான் புதியது வைக்க வேண்டும், 0.5 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1 மில்லிமீட்டர் வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு பிராசஸரைத் தொடாமல் நிற்கும். சுத்தம் செய்த பிறகு சூடு அதிகமானதாகச் சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

வெப்பநிலை 80-க்குக் கீழே இருந்தும் அணைகிறதா? சார்ஜரின் வாட்டைப் பாருங்கள். 130 வாட் கேட்கும் லேப்டாப்பில் 65 வாட் சார்ஜர் மாட்டியிருந்தால் சும்மா இருக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும், வேலை கூடியதும் கவிழும்.

அசைத்தால் அணைகிறது. ஜாக், பேட்டரி கனெக்டர், ரேம் இந்த வரிசையில் தளர்வைத் தேடுங்கள்.

## அறிகுறி 4: சார்ஜரில் இருக்கிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை

60 அல்லது 80 சதவீதத்தில் நின்றுவிட்டால் அது பழுதே இல்லை. பேட்டரி ஆயுளைக் காக்க அளவு வைக்கும் வசதி கம்பெனியின் செயலியிலோ பயாஸிலோ ஆன் ஆகியிருக்கும். இதைத் தெரியாமல் பேட்டரி மாற்றியவர்கள் உண்டு.

வேறு எண்ணில் நிற்கிறது, அல்லது 0-விலேயே கிடக்கிறது என்றால் வரிசையாக இப்படிப் போகலாம்:

1. லேப்டாப் தொட முடியாத சூட்டிலோ உறைகுளிரிலோ இருந்தால் சார்ஜிங்கை அதுவே நிறுத்திவைக்கும். லித்தியம் செல்களை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, 45-ஐத் தாண்டினாலும் கூடாது. அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பாருங்கள்.

2. தொடக்கத்தில் "அடாப்டரின் வாட் தெரியவில்லை" என்ற பொருளில் எச்சரிக்கை வருகிறதா? டெல், எச்பி சார்ஜர்கள் பலவற்றில் முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். சார்ஜர் யார் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். ஊசி வளைந்தாலோ அதற்கான இழை ஒயருக்குள் அறுந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது, பிராசஸரும் வேகம் குறைந்து கிடக்கும். இங்கே பேட்டரியை மாற்றினால் பணம் தண்டம். இன்னொரு சார்ஜரில் எச்சரிக்கை போனால் பழையதே குற்றவாளி, போகாவிட்டால் ஜாக்.

3. டைப்-சி என்றால் எந்தப் போர்ட் என்று பாருங்கள். ஒரே மாதிரி இருக்கும் இரண்டில் ஒன்று மட்டும் சார்ஜ் ஏற்கும் மாடல்கள் உண்டு. கேபிளையும் பாருங்கள்: அடையாளச் சிப் இல்லாத டைப்-சி கேபிளில் 3 ஆம்பியர், அதாவது 60 வாட்டுக்கு மேல் போகாது. 100 வாட் சார்ஜர் வாங்கிப் பழைய போன் கேபிளில் மாட்டினால் 60-தான் வரும்.

4. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் பேட்டரிகள் பிரிவில் 'மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ' (Microsoft ACPI) என்று தொடங்கும் பேட்டரி வரியை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அது தானாகத் திரும்ப வரும்.

5. பேட்டரி அறிக்கை எடுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கில எழுத்தில் (powercfg /batteryreport) அடித்தால் ஒரு கோப்பு உருவாகும், அது எங்கே இருக்கிறது என்பதையும் காட்டும். அதில் வடிவமைப்புக் கொள்ளளவு, முழு சார்ஜ் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது முதலாவதில் 60 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது. அறிக்கையில் பேட்டரியே இல்லை என்றால் கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

6. புது பேட்டரியிலும் ஏறவில்லை என்றால் போர்டில் உள்ள சார்ஜிங் சிப். வெளியே ஆள் தேவை.

### டச்பேட் மேலே தூக்கியிருக்கிறது, அடிமூடி மேசையில் ஆடுகிறது

பேட்டரி உப்பிவிட்டது. சோதனை எதுவும் வேண்டாம். அணைத்து, சார்ஜரை உருவி, தீப்பிடிக்காத தரையில் வையுங்கள். மூடியை அழுத்தி மூடாதீர்கள், உப்பிய செல்லைக் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்; அது எரியும். ஸ்க்ரூவில் நிற்கும் பேட்டரி என்றால் பொறுமையாக நீங்களே கழற்றலாம். பசையால் ஒட்டியது என்றால் நெம்பாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போடக் கூடாது, மின்கழிவு பெறுபவரிடம்தான் சேர வேண்டும்.

## அறிகுறி 5: பின்னைப் பிடித்துக்கொண்டால்தான் சார்ஜ் ஏறுகிறது

பழுது சார்ஜர் ஒயரிலா ஜாக்கிலா? லேப்டாப் பக்கம் முனையை அசைக்காமல், ஒயரை மட்டும் முனைக்குச் சற்றுத் தள்ளி வளைத்துப் பாருங்கள். அதற்கே விளக்கு மினுக்கினால் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. ஒயரை நிலையாக வைத்து முனையை அசைத்தால் மட்டும் மினுக்கினால் ஜாக்.

பல மாடல்களில் ஜாக் சிறிய ஒயருடன் தனியாக வரும். கனெக்டரில் கழற்றி மாட்டிவிடலாம், சாலிடர் வேலை இல்லை. போர்டில் நேரே சாலிடர் செய்த ஜாக்கும் டைப்-சி போர்ட்டும் ஹாட் ஏர் கருவி உள்ளவருக்கான வேலை. செருகும் நொடியில் சின்னப் பொறி தெரிவது இயல்பு. முனை கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் உருகிய வாடை வந்தாலோ அந்த ஜாக்கில் மறுபடி சார்ஜரைச் செருக வேண்டாம்.

## அறிகுறி 6: யூஎஸ்பி போர்ட் வேலை செய்யவில்லை

முதலில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து பின்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் போர்ட்டில் எதையும் செருகக் கூடாது. டைப்-சியில் பஞ்சும் தூசியும் அடியில் இறுகிக் கிடக்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம்.

எந்தப் போர்ட்டிலும் எதுவும் வரவில்லை. ரீஸ்டார்ட் கொடுங்கள், ஷட்டவுன் அல்ல. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுன் முழுதாக அணைப்பதில்லை, பழைய நிலையைச் சேமித்துவைத்து அதையே திரும்ப எழுப்பும். தீரவில்லை என்றால் 1இ-யில் சொன்னபடி மின்சாரத்தை வடியுங்கள்.

ஒரு பக்கத்துப் போர்ட்டுகள் மட்டும் செத்திருக்கின்றன. நல்ல செய்தி. பல மாடல்களில் ஒரு பக்கத்துப் போர்ட்டுகள் தனிச் சிறு போர்டில் இருக்கும், ரிப்பன் கேபிள் வழியாக மதர்போர்டில் சேரும். கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அதன் கனெக்டரில் மேலே தூக்கும் தாழ் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு இழுங்கள். தாழைத் திறக்காமல் இழுத்தால் கனெக்டர் பெயர்ந்துவிடும். சிறு போர்டையே மாற்றினாலும் மதர்போர்டு விலையில் ஒரு துளிதான்.

பென்டிரைவ் வருகிறது, வெளி ஹார்டு டிஸ்க் வரவில்லை. மின்சாரம் போதவில்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 போர்ட் 900. சுழலும் டிஸ்க் தொடங்கும் நொடியில் இதைத் தாண்டி இழுக்கும். டிக் டிக் என்று சத்தம் போட்டுத் திரும்பத் திரும்பத் தொடங்கினால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஹப்பை விட்டுவிட்டு, குட்டைக் கேபிளில் நேரே 3.0 போர்ட்டில் செருகுங்கள், அல்லது தனி அடாப்டர் உள்ள ஹப்பில் மாட்டுங்கள். அங்கேயும் டிக் டிக் தொடர்ந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் தகவல் முக்கியமென்றால் இனி ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் அதைக் குறைக்கும். டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

நடுநடுவே அறுந்து திரும்ப இணைகிறது. டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 'மின்சாரம் சேமிக்க அணைத்துக்கொள்ளலாம்' என்று அனுமதிக்கும் டிக்கை எடுங்கள்.

டைப்-சி ஒரு பக்கமாகச் செருகினால் வேலை செய்கிறது, திருப்பினால் இல்லை. ஒரு வரிசைப் பின் போயிருக்கிறது. வேறு கேபிளில் சரியானால் கேபிள், இல்லையென்றால் போர்ட்.

## அறிகுறி 7: வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது

பேட்டரியை மாற்றியும் தீரவில்லையா? ரிசீவருக்குப் பக்கத்துப் போர்ட்டில் யூஎஸ்பி 3.0 டிஸ்க்கோ ஹப்போ மாட்டியிருக்கிறதா பாருங்கள். 3.0-வின் தகவல் ஓட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். மவுஸும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. ரிசீவரை எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு குட்டை எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி மவுஸுக்கு அருகே கொண்டுவாருங்கள். இதற்காக மவுஸை மாற்றியவர்கள், புது மவுஸும் திக்குவதைப் பார்த்துக் குழம்புவார்கள்.

## அறிகுறி 8: சார்ஜரில் போட்டால் டச்பேட் துள்ளுகிறது, உடம்பில் சுருக்கென்கிறது

சார்ஜரை உருவிப் பேட்டரியில் ஓட்டுங்கள். டச்பேட் ஒழுங்காகிவிட்டால் பழுது டச்பேடில் இல்லை, எர்த்தில் இருக்கிறது. சார்ஜரின் உள்ளே இரைச்சலை வடிக்கும் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்சாரம் கசிவது இயல்புதான். எர்த் இருந்தால் அது அங்கே போய்விடும், இல்லையென்றால் உலோக உடலில் தங்கி உங்கள் விரலைத் தேடும். மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் மாற்றியில் மாட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு எர்த் உள்ள பிளக்கில் நேரே செருகுங்கள். அப்படியும் சுருக்கென்றால் கட்டட ஒயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். சுருக்கென்பதைத் தாண்டி ஷாக்காகவே அடித்தால் சார்ஜரைத் தொடாமல் சுவிட்சை அணைத்துவிட்டு வேறு சார்ஜர் வாங்குங்கள்.

பேட்டரியிலும் துள்ளினால் டச்பேடை ஈரமில்லாமல் துடைத்து, டிரைவரை மாற்றிப் பாருங்கள். முழுதாகச் செத்திருந்தால் மேல்வரிசை எஃப் பட்டன்களில் டச்பேட் படம் போட்டதை ஒரு முறை தட்டிவிட்டு அப்புறம் மற்றதைப் பேசலாம்.

## அறிகுறி 9: கீபோர்டில் சில பட்டன்கள் வேலை செய்யவில்லை

எழுத்துக்குப் பதில் எண் வந்தால் நம் லாக் (Num Lock) ஆன் ஆகியிருக்கிறது. அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழுகிறது என்றால் ஃபில்டர் கீஸ். வலது ஷிஃப்ட்டை 8 வினாடி பிடித்தால் அது தவறுதலாக ஆன் ஆகும். இரண்டும் இல்லையென்றால் பயாஸ் திரைக்குள் போய் அங்கே அம்புக்குறி, எண்டர் பட்டன்களைத் தட்டிப் பாருங்கள். பயாஸில் வேலை செய்தால் விண்டோஸ் பக்கம் கோளாறு.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து பட்டன்கள் ஒரே நாளில் போனால், அவை கீபோர்டின் உள்ளே ஒரே மின்பாதையைப் பகிர்பவை. ரிப்பன் கேபிளைக் கழற்றி முனையைத் துடைத்து மாட்டுங்கள். தீரவில்லை என்றால் கீபோர்டை மாற்றுவதுதான் வழி; உள்படலத்தைப் பழுது பார்ப்பது நிலைக்காது. கீபோர்டு மேல்மூடியில் ஒட்டி ரிவிட் அடித்த மாடல்களில் மாற்றுவது பெரிய வேலை. அதுவரை யூஎஸ்பி கீபோர்டில் ஓட்டலாம்.

## அறிகுறி 10: வெளி மானிட்டரில் படம் வரவில்லை

விண்டோஸ் பட்டனோடு பி (P) அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுங்கள். மானிட்டரின் சொந்த மெனுவில் சரியான இன்புட் இருக்கிறதா பாருங்கள். மானிட்டரின் மின் ஒயரை ஒரு நிமிடம் உருவி மறுபடி செருகுங்கள். இந்த மூன்றிலும் தீராதபோது கேபிளைச் சந்தேகியுங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் சாதாரண கேபிள் ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்று தலைகீழாக மாட்டினால் எத்தனை முறை மாற்றினாலும் படம் வராது.

டைப்-சி வழியாக என்றால், எல்லா டைப்-சி போர்ட்டும் படம் அனுப்பாது. போர்ட்டின் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறியோ மின்னல் குறியோ இருக்க வேண்டும், அல்லது மாடலின் விவரப் பட்டியலில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளிலும் படம் வராது.

## அறிகுறி 11: ஸ்பீக்கரில் சத்தம் இல்லை, கேமரா கறுப்பு

ஹெட்போன் ஜாக்கில் தூசி இறுகினால் ஹெட்போன் செருகியிருப்பதாகவே லேப்டாப் நம்பும். ஹெட்போனை ஐந்தாறு முறை செருகி எடுங்கள். கேமராவுக்கு மேலே நகர்த்தும் மூடி இருக்கிறதா, எஃப் வரிசையில் கேமரா பட்டன் இருக்கிறதா பாருங்கள்.

## அறிகுறி 12: தண்ணீர் கொட்டிவிட்டது

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து உடனே அணையுங்கள், சார்ஜரை உருவுங்கள், கழலும் பேட்டரியைக் கழற்றுங்கள். திரையை விரித்துக் கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். அரிசியில் புதைப்பதால் போர்டு காயாது, மாவுதான் போர்ட்டுகளுக்குள் போகும். ஹேர் டிரையரும் வேண்டாம். பாலோ சர்க்கரையோ உப்போ கலந்த எதுவும் என்றால் காயவைத்தால் மட்டும் போதாது. மிச்சமிருக்கும் படிவம் மின்சாரம் பட்டதும் செம்பை அரிக்கத் தொடங்கும். போர்டை வெளியே எடுத்து ஆல்கஹாலால் கழுவ வேண்டும். 'ஆன் ஆகிறதா பார்ப்போம்' என்ற ஆசையை அடக்கி, அணைந்த நிலையிலேயே அதே நாளில் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். பிழைத்த போர்டுகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான்.

## சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்

எஸ்எஸ்டி கழலும் என்றால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரப் பழுதுக்கு அது தேவையில்லை. எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: சார்ஜர் எத்தனை வோல்ட், பேட்டரி இல்லாமல் என்ன ஆனது, விளக்கு எத்தனை முறை மின்னியது. பிட்லாக்கர் (டிஸ்க்கில் உள்ள தகவலைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) பூட்டு ஆன் ஆகியிருந்தால் போர்டை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே வேறு கருவியில் பார்த்து எழுதி வையுங்கள்.